குதிரைச் சம்பந்தியை விசாரித்த கதை

கண்ணு, என் கையெழுத்தைப் பார்த்ததும் கோழி கிளறிய குப்பைமேடு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து இவ்வளவு தூரம் விமானத்தில் போகிறதே என்று நினைத்து எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படி, அவசரமில்லை. புரியாத இடம் வந்தால் உன் ஆபீசில் ஒரு கரூர்க்காரப் பையன் இருக்கிறானாமே, அவனிடம் கேள். இந்தக் கடிதத்தின் ஒரு நகலை நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் கொடுத்துவிட்டேன். நீ படிக்காமல் மேசை டிராயரில் போட்டுவிட்டால் நியூஜெர்சி முழுக்க இருக்கிற ஆன்ட்டிகள் எல்லாம் உன்னைக் கூப்பிட்டு, 'அம்மா எழுதினதைப் படிச்சியாப்பா?' என்று கேட்பார்கள். தப்பிக்க வழியில்லை. அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. மலர் அச்சாகி வந்தபிறகு அவரைச் சமாளித்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வசந்த காலத்தில் நீ டெக்சாஸ் பிளானோவிலிருந்து வந்து, கட்டிக்கொள்ளப்போகிற ரேச்சலைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அந்தப் பெண் என் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டாள். எனக்கு அப்போதே போதும் என்று ஆகிவிட்டது. மறுநாள் அவள் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனோம். திரும்பிவந்ததிலிருந்து உன் அப்பா உன்னோடு பேசவில்லை. நீ டெக்சாஸ் போய்ச் சேர்ந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் 'இந்தா, உன் பையன்' என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே புல்வெட்டப் போய்விடுவார். புல் வளரவே நேரம் கொடுக்காமல் வெட்டினார். அப்புறம் ஒரு ஞாயிறு நீ சொன்னாய்: "அப்பா வந்தாலும் வராட்டியும் வெட்டிங் நடக்கும்மா. ஐ ஜஸ்ட் வான்ட் யூ டு நோ." சொல்லும்போது உன் குரல் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஆவதுபோல் ஆனது. நான், 'சரி, அவர் வராட்டி அவர் பங்கு கேக்கையும் நானே தின்னுக்கறேன்' என்று சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிக்கவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும், கல்யாணம் நடந்துவிடும். அதற்கப்புறம் நடக்கவேண்டியதுதான் நடக்காது. நீ இந்த வீட்டுக்கு வருவது நின்றுபோகும். நான் மட்டும் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க டல்லாஸ் வருவேன். அவர் இங்கே சாதத்தில் மோரை ஊற்றித் தின்றுவிட்டு, நான் திரும்பி வந்ததும் எதையும் கேட்காமல் என் முகத்தையே பார்ப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். நடுவில் மாட்டிக்கொள்கிறவளுக்கு வயசாகிக்கொண்டு போகிறது. அதனால் ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

உன் அப்பாவின் குறை ரேச்சலின் நிறமோ சாமியோ இல்லை, அதை நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான். விசாரிக்கவில்லை. நம் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தால் என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போய் பஜ்ஜி தின்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஊர் சலூனில் போய் முடிவெட்டிக்கொள்வதுபோல் உட்கார்ந்து கேட்பார்கள். பால் சொசைட்டியில் கேட்பார்கள். பஸ் கண்டக்டரிடம் கேட்பார்கள். பையன் குடிப்பானா, மாமியார் வாய் எப்படி, அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை உண்டா என்பதெல்லாம் தெரிந்தபிறகுதான் வார்த்தை கொடுப்பார்கள். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? காரோடு கராஜுக்குள் போனால் கதவு இறங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நாய்ப் பெயர்தான் நமக்குத் தெரியும், அவர் பெயர் இன்னும் சரியாகத் தெரியாது. அதுவும் உன் அப்பா மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் லாரி நிறைய மாத்திரையைத் திருப்பி அனுப்புகிற மனுஷன். மகனை மட்டும் காகிதம் இல்லாமல் அனுப்பிவிடுவாரா?

ரேச்சலின் அப்பாவிடம் அவர் மறைமுகமாகத்தான் கேட்டார். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நம் ஊராக இருந்தால் பெரியப்பா என்ன செய்கிறார், அத்தை எங்கே இருக்கிறாள் என்று பதில் வரும். அந்த மனுஷன் நேரே சுவரைக் காட்டினார். நீயும் பார்த்தாயே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு காகிதம். அமெரிக்கா இங்கிலாந்தோடு சண்டை போட்டுப் பிரிந்த காலத்தில் அவர்களுடைய முப்பாட்டனுக்குப் பாட்டன் இந்தக் கவுண்டியின், அதாவது நம் ஜில்லா மாதிரி, குதிரைப் படைக்குக் கேப்டனாக இருந்தாராம். சம்பளப் பட்டாளம் இல்லை, ஊர்க்காரர்களே சேர்ந்து வைத்துக்கொண்ட மிலிஷியா என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். திரும்பி வரும்போது காரில் உன் அப்பா, "இருநூறு வருஷத்துக்கு முன்னால குதிரை ஓட்டினவரைச் சொல்றாரு. உயிரோட இருக்கற தம்பி என்ன பண்றான்னு சொல்லல," என்று முணுமுணுத்தார்.

அந்த முணுமுணுப்பிலிருந்துதான் எனக்குப் பிற்பாடு யோசனை வந்தது. நீ போனில் அப்படிச் சொன்ன ஞாயிறு சாயங்காலம் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "அப்ப அந்தக் குதிரைக்காரரையே விசாரிப்போமே மாமா," என்றேன். அவர் காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செத்தவங்களை எப்படி அம்மிணி விசாரிக்கறது?" நான் விடவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் சம்பந்தம் என்றால் பொய் சொல்வார்கள், செத்தவர்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். அன்றைக்கே அந்தக் கேப்டனுக்குக் குதிரைச் சம்பந்தி என்று பெயரும் வைத்துவிட்டேன். இந்த ஊரில் இருக்கிற வேறு எந்தப் பைத்தியமும் இந்த வேலையைச் செய்திருக்காது என்பது எனக்குத் தெரியும். பெண் எடுக்கிற வீட்டைப் பற்றி, இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போனவரிடம் விசாரணை. ஆனால் உன் அப்பாவைப் புல்வெட்டும் மெஷினிலிருந்து பிரிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எனக்கு வாசிக்க ஆள் இல்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னது நீதான். மருந்து பாட்டில், தபாலில் வருகிற சலுகைச் சீட்டு, டிரைவிங் டெஸ்ட்டுக்கான புத்தகம் என்று எட்டு வயதிலிருந்து நீ வாசித்த இங்கிலீஷ்தான் என் அமெரிக்கா. ஒரு தடவை உன் டீச்சர் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். நீ கண் இமைக்காமல் அதை வாசித்து, 'ஹி இஸ் வெரி ஆக்டிவ், மத்த பசங்களுக்கும் ஹெல்ப் பண்றான்னு போட்டிருக்காங்கம்மா' என்று சொன்னாய். டீச்சர் அவ்வளவு கோபமாக அழுத்தி எழுதிப் பேப்பர் கிழிந்திருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. அன்றைக்கு உனக்கு இரண்டு தோசை அதிகமாகப் போட்டேன், பொய்யைக்கூட இவ்வளவு அழகாக மொழிபெயர்க்கிறானே என்று. நீ டெக்சாஸ் போனபிறகு தபாலெல்லாம் பிரிக்காமலே குவிந்தது. அப்பா பிரித்துப் பார்ப்பார், பில் கட்டுவார், என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ஒரு வரிகூட வாசித்துக் காட்டியதில்லை. படித்தவர் என்ற கர்வத்தால் இல்லை. எனக்குக் கேட்க ஆசையாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கவுண்டியின் பழைய காகிதங்களை வைத்திருக்கிற சின்ன நூலகம், ஒரு கல்வீட்டில் இருக்கிறது. மார்த்தா என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர் சம்பளம் வாங்காமல் அதைப் பார்த்துக்கொள்கிறார். பேனா கொண்டுவரக்கூடாது, பென்சில்தான். சாப்பாட்டுக்கும் அனுமதி இல்லை. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன், அதைக் காரிலேயே விட்டுவிட்டு வரச்சொன்னார். எதற்காகப் பார்க்கவேண்டும், ஆராய்ச்சியா, உங்கள் பரம்பரையா என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை சன் மேரி. கேர்ள் சைடு," என்றேன். மார்த்தா ஆன்ட்டி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கோடை முடியும்வரை சனிக்கிழமைதோறும் எங்களுக்கு ஜன்னலோர மேசை.

காகிதத்தைப் பார்த்ததும் அப்பா அசந்துபோனார். மயிலிறகால் எழுதியதுபோல் சுழி சுழியாக எழுத்து, பாதி மங்கல். எனக்கோ இங்கிலீஷே சரியாக வராது, இதில் எதைப் பார்ப்பது? அதனால் அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். முதலில் ஆபீஸ் ரிப்போர்ட் போல் 'ஓட்ஸ் வாங்கிய ரசீது, வைக்கோல் வாங்கிய ரசீது' என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். நான், 'என்ன மாமா, ஓட்ஸ்னா எப்படிப்பட்ட ஓட்ஸ், யாரு வித்தது, அதச் சொல்லுங்க' என்று நச்சரித்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் நின்று வாசிக்க ஆரம்பித்தார். அந்த மிலிஷியா எப்படித் தெரியுமா? நம் பக்கம் வாய்க்காலில் முறைத்தண்ணி விடுவதுபோல். இந்த மாசம் பாதிப்பேர் வந்து ரோட்டையும் ஆற்றுப் பாலத்தையும் காவல் காப்பார்கள், அடுத்த மாசம் அவர்கள் போய்த் தங்கள் காடு தோட்டத்தைப் பார்ப்பார்கள், மற்றவர்கள் வருவார்கள். குதிரை அவரவருடையது. சேணம் அவரவருடையது. கேப்டன் மேலிடத்துக்கு எழுதிய கடிதமெல்லாம் பூட்ஸ் அனுப்புங்கள், பூட்ஸ் அனுப்புங்கள் என்றுதான். வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வராதவர்களின் பெயருக்கு எதிரில் காரணம் எழுதியிருந்தது. ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஒருத்தனின் குதிரை நொண்டுகிறது. ஒருத்தனுக்கு ஆற்றைத் தாண்ட முடியவில்லை. இன்னொருத்தன் மனைவிக்குப் பேறுகாலம். அதை வாசித்துவிட்டு உன் அப்பா அங்கேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். "இதையும் ஏத்துக்கிட்டு எக்ஸ்க்யூஸ் பண்ணியிருக்காரு," என்றார். நீ பிறந்தபோது அவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார். மேனேஜர் விடவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தார், ஒரு பொட்டலம் திராட்சையோடு. நான் அதை எத்தனையோ தடவை சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், உனக்கே தெரியும். அந்த மேசையில் மட்டும் சொல்லவில்லை.

இன்னொரு சனிக்கிழமை ஒரு விண்ணப்பம் கிடைத்தது. சண்டையில் கேப்டனுடைய குதிரை செத்துப்போனது, அதற்கு நஷ்டஈடு கேட்டு எழுதியிருக்கிறார். செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை, நெற்றியில் வெள்ளை, இடது பின்னங்காலில் வெள்ளை என்று பெண்ணைப் பெற்றவர் வர்ணிப்பதுபோல் வர்ணித்திருந்தார். நான், 'சுழி எங்கே இருந்துச்சுன்னு போட்டிருக்காருங்களா?' என்று கேட்டேன். அவர் திரும்பவும் முழுசும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். 'சுழி பார்க்காம குதிரை வாங்கினா சாகத்தான் செய்யும். நம்ம காங்கேயத்து மாட்டுத் தரகர் ஒருத்தர் கூட இருந்திருந்தா இந்த நாடே வேற மாதிரி ஆகியிருக்கும்' என்றேன். உன் அப்பா சிரித்தார், கண்ணு. வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மார்த்தா ஆன்ட்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். குதிரையின் முடிச்சுழியைப் பார்த்து ராசி சொல்கிற பழக்கத்தை உன் அப்பா இங்கிலீஷில் விளக்கினார். அன்றைக்குப் பென்சிலால் அந்தம்மா அதையும் எங்கேயோ குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். ரேச்சலுக்கு எதையாவது வாசித்துக் காட்டு. அவள் உன்னைவிடப் படித்தவள், அவளே வாசித்துக்கொள்வாள் என்று விட்டுவிடாதே. பேப்பரில் வந்த ஒரு துணுக்கு, சீரியல் டப்பாவின் பின்பக்கம், என்னவானாலும் சரி. வாசிக்கிறவரின் குரல் வேறு மாதிரி இருக்கும். வீட்டில் உப்பு இல்லை, ஏசி ஓடவில்லை என்று சொல்கிற குரல் இல்லை அது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வைக்கோல் ரசீதில்தான் உன் அப்பாவின் அந்தக் குரலை நான் முதல் தடவை கேட்டேன். நீ அவ்வளவு காலம் அவளைக் காக்கவைக்காதே. அதேபோல் அவள் வீட்டார் சுவரைக் காட்டிப் பெருமை பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காதே. எல்லா வீட்டிலும் ஒரு சுவர் இருக்கும். நம் வீட்டில் அப்படி ஒரு சுவர் இல்லாததால் உன் பெரியப்பாவே நின்று குடும்பப் பெருமை பேசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'நல்ல மனுஷனாட்டம்தான் தெரியுது' என்று உன் அப்பாவே காரில் ஒரு நாள் சொன்னார். நான் மனசுக்குள் கல்யாணப் பந்தலே போட்டுவிட்டேன். அந்த வாரம்தான் அது வந்தது. பெட்டியின் அடியில் இருந்த காகிதத்தை அவர் வாசிக்கத் தொடங்கி, பாதியில் தமிழை நிறுத்திவிட்டுத் தனக்குள்ளேயே வாசித்தார். முகம் மாறியது. கேட்டேன். கேப்டன் மேல் குற்றப்பத்திரிகை. ஒரு பாலத்தைக் காவல் காக்கச்சொல்லி உத்தரவு இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் ஒரு பகல் முழுக்கக் காவலை விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுப் பக்கம் குதிரையில் போனதைப் பார்த்ததாக ஒரு சாட்சி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எதற்காகப் போனார் என்று இல்லை. அவர் என்ன பதில் சொன்னார் என்று இல்லை. தீர்ப்பும் இல்லை. மார்த்தா ஆன்ட்டி எல்லாப் பெட்டியையும் இறக்கித் தேடினார். அந்த விசாரணையின் மிச்சக் காகிதங்கள் எங்கேயோ எப்போதோ போய்விட்டன, இனிக் கிடைக்காது என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகமே சுருங்கிப்போனது, அவருக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணம் என்ன ஆகுமோ என்று இருந்திருக்கும். உன் அப்பா காகிதத்தை மடித்திருந்தபடியே உறையில் வைத்து, பெட்டியை மூடினார். கம்பெனியில் எப்படி மூடுவாரோ அப்படி.

காரில் உட்கார்ந்ததும் சாதத்தைப் பிரித்தேன். அவர் கையில் தட்டை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் பேசினார். "குற்றம் இருக்கு, தீர்ப்பு இல்ல. எங்க கம்பெனியில இதுக்குப் பேரு ரிஜெக்ட்." குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், அதனால் போயிருப்பார் என்றேன். "நீ பார்த்தியா?" என்றார். பயந்து ஓடியிருப்பார் என்பதை நீங்கள் பார்த்தீர்களா என்றேன். இருவருமே பார்க்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அந்தக் கிழவரைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். உன் அப்பா இந்த ஒரு காகிதத்தைக் காட்டி உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவார். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, நான் தேடிக்கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டேன். என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். உனக்குத் தெரியும், நான் அவருக்கு மாமன் மகள். அவர் காலேஜ் முடித்து வந்ததும் உன் அப்பத்தா, 'அண்ணன் பொண்ணு இருக்கா, உரிமை இருக்கு' என்றார். அவர் 'சரி' என்றார். அவ்வளவுதான் எங்கள் கல்யாணப் பேச்சு. அந்தச் 'சரி' மனசிலிருந்து வந்ததா, அம்மா பேச்சைத் தட்டக்கூடாது என்று வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நான் ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவள், என்னைப் பற்றிய பதிலைக் கேட்க மட்டும் எனக்குப் பயம். அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன். "என்னைக் கட்டறதுக்கு முன்னால யாருகிட்ட விசாரிச்சீங்க மாமா?"

"உன்னைப் பத்தி விசாரிக்க என்ன இருக்குது? மாமன் மக."

"விசாரிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமுங்களா? அஞ்சாவதோட நின்னவ, வாயாடி, கோபம் வந்தா கரண்டிய வீசறவன்னு சொல்லியிருப்பாங்க. அத்தனையும் நெசம். ஒரு காகிதத்துக்கு ரிஜெக்ட்டுன்னா, எனக்கு என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் சாதத்தில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினார். அவருக்கு அது பிடிக்கும், கடைசியில் சேர்த்துத் தின்பதற்காக ஒதுக்குவார். எதிரில் ஒரு கார் வந்து நின்று, ஒரு பெண் இறங்கி, குழந்தையை இறக்கி, நூலகத்துக்குள் போனாள். நான் கேட்டிருக்கக்கூடாது, வாயாடி என்று பெயர் எடுத்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன் அம்மிணி," என்றார். "இன்னும் முடியல."

கண்ணு, எனக்கு எதற்கும் ஒரு பதில் கைவசம் இருக்கும் என்பாயே. அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒதுக்கி வைத்த கடலையை என் தட்டில் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

நீயும் ரேச்சலும் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்ற புத்திமதியெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. விசாரணை கல்யாணத்துக்கு முன்னால் முடிகிற வேலை இல்லை. அவளிடம் ஒரு தப்பைக் கண்டால் உடனே குற்றப்பத்திரிகை எழுதி உறைக்குள் போட்டுவிடாதே. நாளைக்கு வேறு ஒரு காகிதம் வரும். அவள் ஒரு நாள் பாலத்தை விட்டுவிட்டு எங்கேயாவது போனால், எதற்குப் போனாள் என்று கேள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் உன் பக்கத்திலேயே இருக்கிறாள். அந்தக் கிழவரிடம் போய்க் கேட்க எங்களுக்கு வழி இல்லாமல் போயிற்று, உனக்கு அந்தக் குறை இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் உன் அப்பா, ரேச்சல் வீட்டு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். நான் நகரவில்லை, பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்ந்த கீரையையே திரும்பத் திரும்ப ஆய்ந்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேப்டனைப் பற்றித்தான் கேட்டார், பாலத்தை விட்டுப் போனாரே, எதற்கு என்று. அந்தப் பக்கம் ரேச்சலின் அப்பாவுக்கு ஆச்சரியம், நீங்கள் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தீர்களா என்று. அவர்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்களாம். வைக்கோல் அறுவடை என்பார் ஒருத்தர், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பார் இன்னொருத்தர், பயந்துதான் ஓடினார் என்று சொல்கிற ஓர் அத்தையும் உண்டாம். உன் அப்பா, தீர்ப்பு என்ன என்று கேட்டார். அதற்கு அந்த மனுஷன் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: 'யாருக்கும் தெரியாது. ஆனாலும் எங்க ஆளு. அதனால சுவத்துல மாட்டி வெச்சிருக்கோம்.'

உன் அப்பா சிரித்தார். அப்புறம் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, இங்கிலீஷில் சொன்னார். எனக்கே புரிகிற இங்கிலீஷ். "சார், ஐ ஆம் தி பிரைட்குரூம்ஸ் ஃபாதர். ஆவர் கஸ்டம் இஸ், வீ ஹாவ் டு கம் டு யுவர் ஹவுஸ் ஃபர்ஸ்ட்." மாப்பிள்ளையின் அப்பா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "வீட்ல கல்லுப்பு இருக்குதா?" என்றார்.

"கராஜுல பனி உருகப் போடற உப்பு மூட்டைதான் இருக்குது."

"அது ஆகாது. சாப்பிடற உப்பு வேணும். கூடவே சர்க்கரையும் எடுத்து வெய்யி."

ரேச்சலுக்கு நீ இதை விளக்கிச் சொல்லவேண்டும், அதனால் எழுதுகிறேன். நம் பக்கம் இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றால் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாற்றியாகிவிட்டால் வார்த்தை கொடுத்தாயிற்று, அதற்கப்புறம் பின்வாங்குவது கிடையாது. வரும் சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறோம். எடிசன் ஊரில் இந்தியக் கடை கடையாக ஏறி நல்ல கல்லுப்பு வாங்கிவிட்டேன். நடுவில் மார்த்தா ஆன்ட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லையென்றால் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் அப்பா உன்னைக் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். இத்தனை மாசத்துக்கப்புறம் எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. டெக்சாஸில் வெயில் எப்படி என்று கேட்பார். காருக்கு ஆயில் மாற்றினாயா என்று கேட்பார். டயரைப் பற்றிக்கூடக் கேட்பார். எல்லாவற்றுக்கும் அவசரப்படாமல் பதில் சொல், சாமி. அவர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நீ போனை வைத்துவிடாதே.

அம்மா